அத்தை ஏன் கத்துகிறார்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று வானொலி விளம்பர ஸ்பாட்டையும் கேட்டேன். இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி அந்த பர்னிச்சர் கடை விளம்பரத்தைப் பற்றித்தான். நகைச்சீட்டு விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எழுதும்போது உனக்கே கொட்டாவி வந்திருக்கும். மூன்றாவதாக இருக்கும் கிரைண்டர் ரிப்பேர் கடை விளம்பரத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதை முதலில் பேசினால் திட்டுகிற மனசு போய்விடும்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லி நேரத்தைக் கடத்தப்போவதில்லை. 20 வினாடிக்குள் எத்தனை சொல் கொள்ளும், கடைப் பெயர் எங்கே விழ வேண்டும், ஆடிக்கு எந்தக் குரல், தைக்கு எந்தக் குரல் என்பதெல்லாம் உனக்குப் பழகிவிட்டது. பெயரை நாலு முறை சொல்லியே ஆக வேண்டும் என்று கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் மைத்துனர் இன்னொரு முறை சேர்க்கச் சொல்லியிருப்பார். அந்தப் புலம்பலும் நமக்குள் வேண்டாம். மைத்துனர் இல்லாத கடை தமிழ்நாட்டில் கிடையாது. இதைப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன், உன் பெயரும் கடைப் பெயரும் வராது. உன் வயதில் இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

என் ஆத்திரமெல்லாம் அந்த பர்னிச்சர் கடை விளம்பரத்தில் அடிக்கிற காலிங் பெல் மேல்தான்.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் எஃப்.எம். காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கும். உன் விளம்பரம் ஓட ஆரம்பித்த வாரத்தில் என் மனைவி கரண்டியும் கையுமாக வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு முட்டி வலி. மறுநாளும் போனாள். அதற்கப்புறம் போகவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் நிஜமாகவே வந்து பெல் அடித்தபோதும் போகவில்லை. அவர் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்று ராத்திரி நாங்கள் ஓட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டதற்கு உன் கதைவசனம்தான் காரணம். பில்லை உனக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

சரி, பெல் அடித்துத் தொலைக்கட்டும். அடித்தது யார்? உன் விளம்பரத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டேன். பெல் அடிக்கிறது. மனைவி "என்னங்க!" என்று அலறுகிறாள். கணவன் ஆடித் தள்ளுபடியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். கதவைத் திறக்க யாரும் போகவில்லை, யாரும் உள்ளே வரவுமில்லை. வாசலில் ஒரு மனிதர் 20 வினாடியும் நின்றுகொண்டிருக்கிறார், சோபாவுக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கேட்டுக்கொண்டு. அவர் மாமனாரா, கொரியர்காரரா, கடன் கொடுத்தவரா? கேட்கிறவனைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஒலிக்கு உன் கதையில் ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத ஒலிக்கு ஒன்றரை வினாடி கொடுத்திருக்கிறாய். கடைக்காரர் அந்த ஒன்றரை வினாடிக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறார்.

பெல்லாவது பரவாயில்லை, முட்டி வலியோடு போய்விடும். போன வருஷம் ஒரு டயர் விளம்பரம் லாரி ஹாரனில் தொடங்கியது. இன்னொன்றில் ஆம்புலன்ஸ் சைரன். ரேடியோவை இப்போது அதிகம் கேட்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கோயமுத்தூர் அவினாசி ரோட்டில். சைரன் கேட்டதும் அவன் கண்ணாடியைப் பார்ப்பான், கை தானாக இடதுபக்கம் ஒடிக்கும். அங்கே ஒரு ஸ்கூட்டர் வந்தால்? பிரிட்டனில் ஒலிபரப்பு விளம்பரங்களுக்கான விதித்தொகுப்பில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: வண்டி ஓட்டிக்கொண்டு வானொலி கேட்கிறவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய ஒலி விளம்பரத்தில் இருக்கக் கூடாது. அதை எழுதியவர் வீட்டிலும் யாரோ கதவைத் திறந்து பார்த்து ஏமாந்திருக்க வேண்டும்.

அடுத்தது உன் கணவனும் மனைவியும்.

"என்னங்க, நம்ம வீட்டுக்கு ஒரு சோபா வாங்கணும்னு சொன்னேனே?"

"கவலைய விடு! இந்த ஆடிக்கு 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி! ஈஸி இ.எம்.ஐ! இலவச டோர் டெலிவரி!"

"அப்படியா! அந்தக் கடை எங்கங்க இருக்கு?"

அதற்கு அவன் முகவரியை ஒப்பிக்கிறான். ஒப்பணக்கார வீதி எங்கே இருக்கிறது என்று புருஷனைக் கேட்கும் கோயமுத்தூர்ப் பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. அவன் கேட்டால் அவள் சொல்லுவாள். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதையும், பக்கத்துக் கடையில் இதே சோபா எவ்வளவுக்குத் தருகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுவாள். அவளைப் போய் ஒன்றும் தெரியாதவளாக்கி, அவனைக் கடையின் சேல்ஸ்மேனாக்கிவிட்டாய். எந்த வீட்டில் மனுஷன் மனைவியிடம் "ஈஸி இ.எம்.ஐ" என்று உற்சாகமாகச் சொல்கிறான்? அந்தச் சொல் வீட்டுக்குள் பெருமூச்சோடுதான் வரும்.

எண்பதுகளில் சர்ஃப் சோப்புத்தூள் விளம்பரத்தில் லலிதாஜி வந்தாள். விலை குறைந்த நிர்மா சர்ஃபின் சந்தையைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. லின்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சி உருவாக்கிய பாத்திரம். நடித்தவர் கவிதா சௌத்ரி. பேரம் பேசுவதில் கெட்டிக்காரியான தன் அம்மாவை மனதில் வைத்து எழுதியதாகப் பதம்சி சொன்னார். காய்கறிக்காரனிடம் காசு காசாகக் கணக்குப் பார்க்கிற ஒருத்தி, சோப்புத்தூளுக்கு மட்டும் ஏன் அதிகம் கொடுக்கிறாள்? அதற்கு அவளே பதில் சொல்கிறாள், யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. அந்தம்மாவின் கறார் தொனி சிலருக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் முட்டாள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. உன் விளம்பரத்துப் பெண்ணுக்கு வேலை கேள்வி கேட்பது மட்டும்தான், அதுவும் விடை தெரிந்த கேள்வி.

முகவரி முடிந்ததும் போன் நம்பர். பத்து இலக்கம், இரண்டு தடவை. ஒரு தடவைக்கு மூன்றரை வினாடி என்று வைத்தாலும் 20-ல் 7 போய்விட்டது. இதை யார் குறித்துக்கொள்கிறார்கள்? கரண்டி பிடித்தவளா, ஸ்டியரிங் பிடித்தவனா? "ஒப்பணக்கார வீதியில" என்று சொன்னால் ஊரே வந்து நிற்கும். மிச்சம் ஐந்து வினாடி உனக்கு. அந்த ஐந்து வினாடியில் அவளுக்கு ஒரு குணம் கொடுத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் உன் பதில் எனக்குத் தெரியும். அனுப்பும்போதே எழுதியிருந்தாய்: "எரிச்சலா இருந்தாலும் ஞாபகத்துல நிக்குதுல்ல சார்." இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு காலத்தில் சொல்கிற வாக்கியம் இது. இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அனாசின் விளம்பரம். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் விற்ற அதே அனாசின். டெட் பேட்ஸ் நிறுவனத்தின் ராஸர் ரீவ்ஸ் எடுத்தது. ஒரு தலையின் கோட்டுப்படம். உள்ளே மூன்று பெட்டி: ஒன்றில் சுத்தியல் அடிக்கிறது, ஒன்றில் சுருள்கம்பி முறுக்குகிறது, ஒன்றில் மின்னல் வெட்டுகிறது. ஜனங்கள் அதை வெறுத்தார்கள். 18 மாதத்தில் விற்பனை மும்மடங்கானது என்று ரீவ்ஸ் தரப்பு பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அன்றிலிருந்து சோம்பேறி விளம்பரக்காரன் ஒவ்வொருவனும் அந்தச் சுத்தியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

நீயாவது கொஞ்சம் யோசித்துப் பார். அது தலைவலி மாத்திரை. பார்க்கிறவனுக்கு வலியைக் காட்டி, அதே மூச்சில் மருந்தையும் நீட்டுகிறார்கள். எரிச்சலே அங்கே சரக்கு. சோபா வாங்கப் போகிறவனுக்கு எதற்குத் தலைவலி? மேலும் அந்தக் காலத்து அமெரிக்கன் சேனல் மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் நாற்காலியிலிருந்து எழுந்து போக வேண்டும். கோயமுத்தூரில் கார் ஓட்டுகிறவனுக்கு அடுத்த எஃப்.எம். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. உன் பெல் அடித்ததும் அவன் மாற்றிவிட்டால் போவது உன் விளம்பரம் மட்டும் என்று நினைக்காதே. அந்த பிரேக்கில் உனக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் முதல் தடவையாகக் காசு சேர்த்து விளம்பரம் கொடுத்த மெஸ்காரராக இருக்கலாம். அவர் குரல் யார் காதிலும் விழாமல் போகும். பிரேக் என்பது ஊர்ப் பொது இடம். முதலில் போகிறவன் அசுத்தம் பண்ணிவிட்டுப் போனால் பின்னால் வருகிறவன்தான் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாபகத்தில் நிற்கிறதா என்று கேட்கிறாயே, என் மனைவிக்கு அந்தப் பெல் நன்றாக ஞாபகத்தில் இருக்கிறது. கடைப் பெயர் கேட்டேன், தெரியவில்லை என்றாள். நாலு தடவை சொல்லியும்!

இதைச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வருவதைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கட்சியில் நான் இல்லை. நிர்மாவின் பாட்டு 1975 வாக்கில் வானொலியில் வந்தது. பிற்பாடு தொலைக்காட்சியில் வெள்ளை ஃபிராக் போட்ட சிறுமியோடு சேர்ந்து சுழன்றது. வருஷக்கணக்காக அதே மெட்டு, அதே சுழற்சி. தமிழ் மட்டுமே தெரிந்த குழந்தைகள்கூட இந்தியில் பாடின. எரிச்சல் வரவில்லை, ஏனென்றால் அதில் கேட்கிறவனுக்கும் ஒரு பங்கு இருந்தது: கூடச் சேர்ந்து பாடலாம். ரகுமான் 'ரோஜா'வுக்கு முன்னால் லியோ காபிக்கு மெட்டுப் போட்டார். அதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். உன் அலறலோடு சேர்ந்து யார் அலறுவது?

பாட்டு இல்லையென்றால் வேறு வழியும் உண்டு. 2009-ல் தேர்தல் காரணமாக ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவுக்குப் போனது நினைவிருக்கும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். அந்த சீசனில் வோடஃபோனுக்கு ஓகில்வி நிறுவனம் ஜூஜூக்களை இறக்கியது. முட்டைத் தலை, வெள்ளை உடம்பு. எல்லாரும் அனிமேஷன் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெள்ளை உடை போர்த்திய மனிதர்கள். நிர்வாணா ஃபிலிம்ஸ் கேப்டவுனில் எடுத்தது. ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரப்போகிறது, ஒரே படத்தைப் போட்டால் ஜனங்கள் கல்லால் அடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஏறக்குறைய 30 குட்டிப் படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாக விட்டார்கள். இன்றைக்கு என்ன வரும் என்று விளம்பரத்துக்காகக் காத்திருந்தோம். பேச்சே இல்லை அதில், முனகலும் சிரிப்பும்தான். கடைக்காரர் மைத்துனரிடம் இதைச் சொல்லிப் பார்.

கேலிக்கு ஆளாவதும் எரிச்சலூட்டுவதும் வேறு வேறு. முதலாளிகளே விளம்பரத்தில் வந்து நிற்பதைக் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அதில் புகாரே இல்லை. வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் வசந்தகுமார் அந்தச் சிரிப்போடு எத்தனை வருஷம் நின்றார்! லலிதா ஜுவல்லரி முதலாளி மொட்டைத் தலையோடு வந்து விலையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் கதாநாயகிகளோடு ஆடி, அந்தத் தெம்பில் 2022-ல் ஒரு சினிமாவுக்கே நாயகன் ஆகிவிட்டார். ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே கடைக்கும் போனது. சரக்கு சரியில்லையென்றால் இந்த முகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு பிடிமானம் அதில் இருக்கிறது. உன் கணவனும் மனைவியும் நாளைக்குச் சோபா உடைந்தால் எங்கே இருப்பார்கள்?

இனி சத்தம். இதில் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உன் ஸ்பாட்டைப் பேரனின் கம்ப்யூட்டரில் போட்டு வேவ்ஃபார்மைப் பார்த்தேன். செங்கல் அடுக்கினது மாதிரி இருக்கிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதற்கு முன்னால் ஓடிய பாட்டைப் பார்த்தால் மேடும் பள்ளமும் தெரிகிறது. இரண்டுக்கும் உச்சம் ஒன்றுதான், ஆகையால் விதிப்படி நீ எல்லை தாண்டவில்லை. ஆனால் கம்ப்ரஸரைப் போட்டு மெல்லிய இடத்தையெல்லாம் உச்சத்துக்குத் தூக்கி, லிமிட்டரில் மேலே அமுக்கிவிட்டார் உன் சவுண்ட் என்ஜினியர். காது உச்சத்தை அளப்பதில்லை, சராசரியைத்தான் அளக்கும். அதனால்தான் பாட்டு முடிந்து விளம்பரம் வந்ததும் வீட்டில் யாராவது "அதைக் குறை" என்று கத்துகிறார்கள்.

உலகம் பூராவும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே 2010-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் உச்சத்தை விட்டுவிட்டுச் சராசரி உரப்பை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி உரத்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. சாயங்கால சீரியல் பார்க்கிற எந்த மாமியாரிடமாவது இந்த 12-ஐச் சொல்லிப் பார், சிரிப்பார்.

என் காலத்தில் நாங்கள் டேப்பில் வேலை பார்த்தோம். வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் ஸ்பூல். 20 வினாடி விளம்பரம் என்றால் 25 அடி டேப். நேரம் எங்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற பொருளாக இருந்தது. ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம், தரையில் விழுந்தால் எது எது என்று தெரியாமல் போய்விடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த என்ஜினியர் ஒருவர் இருந்தார். வெற்றிலை போடுவார், ஸ்டூடியோவுக்குள் மட்டும் போட மாட்டார். மீட்டரில் முள் சிவப்புக்குப் போனால் டேப்பை நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் வெற்றிலையை மெல்லுவார். குரல் கொடுத்தவர் தானாகப் புரிந்துகொண்டு அடுத்த டேக்கில் தணிவார்.

ஒரு முறை 23 வினாடி வந்துவிட்டது. எப்படியும் மூன்று வினாடி குறைக்க வேண்டும். நான் மூச்சுகளை வெட்ட ஆரம்பித்தேன். ஒரு மூச்சு நாலைந்து அங்குலம், பத்து மூச்சை எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். அவர் பிளேடை வாங்கிக்கொண்டார். "மூச்சுல கை வெக்காதே. எழுதினதுல வெட்டு" என்றார். உட்கார்ந்து இரண்டு பெயரடைகளையும் ஒரு வாக்கியத்தையும் எடுத்தேன். விளம்பரம் நன்றாகிவிட்டது. உன் கணவனுக்கு 20 வினாடியிலும் ஒரு மூச்சுகூடக் கிடையாது, கவனித்தாயா? மென்பொருளில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டீர்கள். கேட்கிற எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்தக் கடைசி "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" வரியை என்னதான் பண்ணினீர்கள்? கொசு ரீங்கரித்த மாதிரிதான் கேட்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களில் இதே அநியாயம் பண்ணியதால்தான் எச்சரிக்கை வாசகத்துக்குக் குறைந்தது 5 வினாடி கொடுங்கள் என்று 2008-ல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தலையிட வேண்டி வந்தது. சோபாவுக்கு செபி கிடையாது என்ற தைரியம் உனக்கு.

வேகமாகப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-லேயே தொடங்கிவிட்டது. விவித் பாரதியில் விளம்பரம் வந்தது 1967-ல்தான். அதுவரை தமிழ்நாட்டுக்காரன் வானொலி விளம்பரம் கேட்டதே கொழும்பிலிருந்து. அங்கே பின்னால் வந்த அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசுகிற வேகத்துக்கு இன்றைய எஃப்.எம். பிள்ளைகள் யாரும் ஈடில்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். மூச்சும் விழும், எடுக்க வேண்டிய இடத்தில் எடுப்பார். அப்துல் ஹமீது நேர் எதிர். நிதானமாக, லகர ளகரம் பிசகாமல். இரண்டு பேர் சொன்ன சாமான்களையும் ஜனங்கள் வாங்கினார்கள். சிற்றலையின் இரைச்சல் வேறு. அதையும் தாண்டி ராமநாதபுரம் பக்கத்து டீக்கடையில் கூட்டம் நின்று கேட்டது.

அந்தக் காலமெல்லாம் பொற்காலம் என்று கதைவிட மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக் கடைக்காரர்கள் கேசட்டில் பதிவு செய்து போட்ட கூப்பாட்டைக் கேட்டிருந்தால் உன் பெல் எனக்குச் சங்கீதமாகப் படும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, தடை நல்லதா கெட்டதா என்று ஊரே விவாதித்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் கிரைண்டர் ரிப்பேர் கடையின் பத்து வினாடி விளம்பரத்துக்கு வருகிறேன்.

கிரைண்டர் ஓடுகிற சத்தம். சாதாரண சத்தமில்லை, கல் கடகடக்கிற, பெல்ட் வழுக்குகிற சத்தம். அதற்கு மேல் ஒரு மாமியார் குரல், கத்திக் கத்தி: "உளுந்த அள்ளிப் போடு கண்ணு!" சத்தம் மாறுகிறது. இப்போது கிரைண்டர் ஓடுவதே கேட்கவில்லை, மெல்லிய 'ம்ம்ம்' மட்டும். மாமியார் அதே உச்சத்தில்: "தண்ணி ஊத்து கண்ணு!" மருமகள் மெதுவாகச் சொல்கிறாள்: "அத்தை, எதுக்குங்க கத்தறீங்க? அதான் கிரைண்டர சரி பண்ணியாச்சுங்களே." ஒரு வினாடி ஒன்றுமில்லை. பிறகு கடைப் பெயர், ஒரே ஒரு தடவை. சிங்காநல்லூர், அவ்வளவுதான்.

தம்பி, நான் எழுந்து நின்றுவிட்டேன். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இந்த ஊரில் கிரைண்டர் சத்தத்தைப் பற்றி இத்தனை வருஷமாக எத்தனை பேர் எழுதியிருப்போம்! எல்லாரும் கல்லைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, இட்லி பஞ்சாக வருவதைப் பற்றி எழுதினோம். சத்தத்திலேயே வாழ்ந்த ஒருத்தி சத்தம் நின்ற பிறகும் கத்துவாள் என்பது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அந்த மாமியாரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுத் திண்ணை தெரியும், அவர் அந்த மருமகளைக் கடைசிவரை "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார் என்பதும் தெரியும். பத்து வினாடிக்குள் இரண்டு மனுஷிகளையும் அவர்களுக்கு நடுவே இருக்கும் இணக்கத்தையும் வைத்துவிட்டாய். அந்தச் சத்தத்துக்கும் வேலை இருக்கிறது, அந்த ஒரு வினாடி மௌனத்துக்கும் வேலை இருக்கிறது. நான் வானொலிக்கு எழுதியவற்றில் எதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். நீ இனி வாழ்நாளில் வேறொன்றுமே எழுதாவிட்டாலும் இந்தப் பத்து வினாடி போதும் என்று உன் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அதனால்தான் இவ்வளவு கோபம். "எதுக்குங்க கத்தறீங்க" என்று எழுதிய அதே கை, அதே வாரத்தில், பர்னிச்சர் கடைக்கு உட்கார்ந்து "என்னங்க!" என்று அலறவிட்டிருக்கிறது. தெரியாதவன் செய்தால் விட்டுவிடலாம். சின்னக் கடை, பத்து வினாடிக்குத்தான் காசு, யாரும் தலையிடவில்லை, அதனால் கிரைண்டர் விளம்பரம் தப்பித்தது. பர்னிச்சர் கடை பெரிய பட்ஜெட், எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அதனால் பாழானது. இதுதானே நடந்தது? நடப்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த எட்டுப் பேரிடமும் கிரைண்டர் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினாயா? அடுத்த முறை பேச ஆரம்பிக்குமுன் அதைப் போடு. சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு பெல் வேண்டும் என்று கேட்க மைத்துனருக்கே கூச்சமாக இருக்கும்.

பர்னிச்சர் கடை ஸ்பாட்டை எப்படித் திருத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வாசலில் நிற்கிற ஆளை உள்ளே விட்டுப் பார், அவரை எங்கே உட்கார வைப்பார்கள் என்று யோசி. சோபா இல்லாத வீட்டில் விருந்தாளி உட்காருவதில் ஒரு விளம்பரம் இருக்கிறது. மனைவியைக் கேள்வி கேட்க விடாதே. முகவரியை அவளிடம் கொடு. உன் என்ஜினியரிடம் கம்ப்ரஸரைப் பாதியாகக் குறைக்கச் சொல். மறுத்தால் வெற்றிலை வாங்கித் தருகிறேன்.

தீபாவளி ஸ்பாட்டுகள் வருகிற மாதம் எழுத ஆரம்பிப்பாய். எல்லாக் கடையும் சரவெடியில்தான் தொடங்கும். நீ தொடங்காதே. எங்கள் தெரு நாய் ஏற்கெனவே பாதி வருஷம் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்த மாமியாருக்குக் குரல் கொடுத்தது யார்? பழக்கப்பட்ட குரல் கலைஞர் மாதிரி இல்லை. நிஜமாகவே கிரைண்டர் பக்கத்தில் கத்திப் பழகின தொண்டை அது. கடைக்காரரின் அம்மாவாக இருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள், நான் உன் பாட்டி என்கிறேன். யாராக இருந்தாலும் அவருக்குப் பேசியபடி பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்